அடையும் மரத்திலிருந்து எத்தனை கெஜம்?

போன வாரம் ஹூஸ்டனிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். வான்கோழி வேட்டைக்குப் புதிது. ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்து, லைசென்ஸ் எடுத்து, அதற்கு மேல் பறவை வேட்டைக்கான 7 டாலர் அனுமதியும் வாங்கி, டெக்சஸில் ஹில் கன்ட்ரி என்கிற மேட்டுப் பகுதியில் ஒரு பண்ணையில் இடமும் பிடித்துவிட்டான். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே, அடையுற மரத்தையே கண்டுபிடிச்சுட்டேன். ஆத்தோரமா நாலு பீக்கன் மரம். கீழ பூரா எச்சம், எறகு. சாயங்காலம் ஏழு மணிக்கு நேரா அதுக்கு அடியில போய் உக்காந்துட்டா வேலை முடிஞ்சுது இல்ல?" என்றான். முடிந்துவிடும் என்பதுதான் உண்மை. அவன் சொல்வது பலிக்கும். நான் உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டு நாள் டைம் குடு தம்பி, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்கு இல்லை. 2018 ஏப்ரலில் இருந்து என்னோடு இருக்கிறது.

சட்டம் இதில் உதவாது. டெக்சஸில் வான்கோழி வேட்டைக்கு நேரம், கதிர் உதிக்க அரை மணி முன்னிருந்து கதிர் மறைந்து அரை மணி வரை. வான்கோழி மரம் ஏறுவதும் கதிர் மறைகிற அந்தக் கடைசி நேரத்தை ஒட்டித்தான். பென்சில்வேனியாவில் வசந்த சீசனின் முதல் பாதியில் நண்பகலோடு வேட்டையை நிறுத்திவிடுகிறார்கள். பிற்பாதியில்தான் நாள் முழுக்க. மரத்தில் அடைந்துவிட்ட பறவையைச் சுடவே கூடாது என்று எழுதி வைத்திருக்கிற மாநிலங்களும் உண்டு. ஆனால் மரத்துக்கு ஐம்பது கெஜம் தள்ளி, தரையில் நடந்து வருகிற சேவலை, நேரம் தாண்டாமல் சுட்டால்? பெரும்பாலான இடங்களில் குற்றம் இல்லை. மிச்சத்தை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்பத்தாவின் சேவல்

இந்தத் தம்பிக்குத் தோன்றிய யோசனை எனக்கும் முதலில் தோன்றியது. அது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டில் பதினைந்து இருபது கோழிகள் இருக்கும். குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள், வளர்ந்தவை கொல்லையில் இருந்த முருங்கையிலும் கொய்யாவிலும். விருந்தாள் வருகிறார்கள் என்று தெரிந்தால் பகலில் யாரும் கோழியைத் துரத்த மாட்டார்கள். அப்பத்தா பொழுது சாயட்டும் என்று இருப்பார். நன்றாக இருட்டிய பிறகு கொல்லைக்குப் போய், கிளையில் உட்கார்ந்திருக்கிற சேவலின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, கத்தரிக்காய் பறிப்பது போல எடுத்து வருவார். அது ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. பக்கத்தில் அடைந்திருக்கிற கோழிகள் கழுத்தைக்கூட நீட்டிப் பார்க்காது.

காட்டு வான்கோழிக்கும் அதே கண்தான். பகலில் அதன் பார்வைக்கு ஈடு இல்லை. தலையைக் கொஞ்சம் திருப்பினால் சுற்றிலும் தெரியும், வண்ணம் தெரியும், நாற்பது கெஜத்தில் நாம் கண் இமைப்பதைக்கூடப் பார்த்துவிடுமோ என்று பயமாக இருக்கும். இருட்டில் அதிகம் தெரியாது. அதனால்தான் தரையில் வாழ்கிற இவ்வளவு பெரிய பறவை, எட்டு ஒன்பது கிலோ எடையோடு, தினமும் சாயங்காலம் சிரமப்பட்டு மரம் ஏறுகிறது. ஏறிய பிறகு விடியும்வரை அது எங்கும் போகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவை ஓவியர் ஆடுபோன் இதை எழுதி வைத்திருக்கிறார். நிலா வெளிச்சத்தில் அடைந்திருக்கும் வான்கோழிகள் துப்பாக்கிச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டாலும் கிளையைவிட்டுப் போகாது, ஒன்றிரண்டு ஆட்களே கிட்டத்தட்ட ஒரு கூட்டத்தையே வீழ்த்திவிடுவார்கள் என்று. சந்தைக்காகச் சுட்டது, காட்டை அழித்தது, அடைந்த பறவையைச் சுட்டது, எல்லாம் சேர்ந்து 1930களில் இந்த நாடு முழுக்க இருந்த காட்டு வான்கோழிகள் இரண்டு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. பண்ணையில் வளர்த்து விட்ட குஞ்சுகள் காட்டில் பிழைக்கவில்லை. 1951இல் தென் கரோலினாவில், பீரங்கி போல வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடிக்கும் முறை கைகூடிய பிறகுதான் நிலைமை மாறியது. பிடித்ததைப் பெட்டியில் வைத்து, கோழியே இல்லாமல் போன இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று ஏறக்குறைய 60 லட்சம். நான் லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போக முடிகிறதென்றால் அந்தப் பெட்டிகளால்தான். அப்பத்தா செய்தது தன் கொல்லையில், தான் தீனி போட்டு வளர்த்த கோழிக்கு. நானோ இன்னொருவர் காட்டில், யார் யாரோ காப்பாற்றிக் கொடுத்த பறவைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மரத்தைக் கண்டுபிடிப்பது

தம்பி மரத்தைக் கண்டுபிடித்தது நல்ல வேலை, அதில் சந்தேகமே இல்லை. வான்கோழி வேட்டையில் பாதி இதுதான். எங்கள் பக்கம் இருப்பவை ரியோ கிராண்டே வகை. கிழக்கு மாநிலங்களில் காடெல்லாம் பெரிய மரம், அங்கே கோழிகள் இன்றைக்கு ஒரு மேடு நாளைக்கு ஒரு மேடு என்று மாறி மாறி அடையும். ஹில் கன்ட்ரியில் அப்படி முடியாது. மேட்டில் எல்லாம் குட்டை ஜூனிப்பரும் ஓக்கும். உயரமான மரம் வேண்டுமென்றால் ஆற்றங்கரைக்குத்தான் வர வேண்டும். அதனால் ஒரே மரக்கூட்டத்தில் வருடக்கணக்காக அடைகின்றன. ஜங்ஷன் ஊருக்குப் பக்கத்தில் சவுத் லானோ ரிவர் ஸ்டேட் பார்க் இருக்கிறது. வால்ட்டர் பக் என்கிற பண்ணைக்காரர் 1977இல் அரசுக்குக் கொடுத்த நிலம். அதன் ஆற்றங்கரைப் பீக்கன் தோப்பில் குளிர்காலம் முழுக்க வான்கோழிகள் பெருங்கூட்டமாக அடையும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை, அடையும் நேரத்தில் அந்தப் பக்கம் ஆட்களை விடுவதே இல்லை. முதல் தடவை குடும்பத்தோடு அங்கே போனபோது அந்தப் பலகையைப் படித்துவிட்டு, இவ்வளவு கெடுபிடி தேவையா என்று மனைவியிடம் கேட்டேன்.

மரத்தடியில் எச்சத்தைப் பார்த்தாலே சேவலா பெட்டையா என்று தெரியும். சேவலுடையது நீளமாக, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். பெட்டையுடையது சுருண்டு கட்டியாகக் கிடக்கும். பழையதும் புதியதும் அடுக்கடுக்காக இருந்தால் அது வழக்கமான மரம். எச்சம் பார்க்கப் போவதென்றால் நடுப்பகலில் போக வேண்டும், கோழிகள் மேயப் போயிருக்கும்போது. சாயங்காலம் கிட்டப் போகவே தேவையில்லை. எட்ட ஒரு மேட்டில் நின்று, இருட்டுகிற நேரத்தில் ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தால் போதும். வசந்த காலத்தில் சேவலின் உடம்பு முறுக்கேறி இருக்கும். எந்தச் சத்தம் கேட்டாலும், ஆந்தை, ஓநாய் மாதிரி கத்துகிற கயோட்டி, வண்டிக் கதவு சாத்துகிற சத்தம்கூட, அடக்க முடியாமல் கிளையிலிருந்தே கொளகொளவென்று பதில் கொடுத்துவிடும். பெட்டை மாதிரிக் கூப்பிடக் கூடாது, அது சந்தேகப்படும், அல்லது இறங்கி வரப் பார்க்கும். ஆந்தைக்குப் பதில் சொல்வது தன்னையறியாமல் வருவது. அந்த ஒரு குரலில் மரம் தெரிந்துவிடும், மறுநாள் காலைக்கு அது போதும்.

எட்டு மணி பன்னிரண்டு நிமிடம்

2018இல் எனக்கு இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. படித்திருந்தேன், நான் வேட்டைக்குப் போயிருந்த பண்ணையின் பெரியவரும் சொல்லியிருந்தார். மூன்று நாள் வேட்டை. முதல் இரண்டு காலையும் சேவல்கள் மரத்திலிருந்து இறங்கிப் பெட்டைகளோடு எதிர்த்திசையில் போய்விட்டன. இரண்டாம் நாள் சாயங்காலம் பொறுமை போய்விட்டது. ஓடைக்கரையில் பத்துப் பன்னிரண்டு பீக்கன் மரங்கள். அவற்றிலிருந்து அறுபது கெஜத்தில் விழுந்து கிடந்த ஒரு கட்டைக்குப் பின்னால் ஆறரை மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழே முக்காலுக்கு வர ஆரம்பித்தன. ஓட்ஸ் வயலிலிருந்து வேலி ஓரமாக வரிசையாக, அவசரமே இல்லாமல். முதலில் பெட்டைகள். மரத்தடியில் நின்று கழுத்தை வளைத்து மேலே பார்க்கும். இந்தக் கிளையா அந்தக் கிளையா என்று யோசிப்பது போல ரொம்ப நேரம் பார்க்கும். பிறகு குந்தி, ஒரே உந்தலில் சிறகை அடித்துக்கொண்டு ஏறும். பெரிய ஜமுக்காளத்தை உதறுகிற சத்தம். கிளை வளைந்து ஆடும், சமாளித்து நிற்கும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கிளைக்குத் தாவும். பதினெட்டு வரை எண்ணினேன். எட்டு மணிக்குக் கதிர் மறைந்தது. எட்டு பத்துக்கு, எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு சேவல் தனியாக வந்தது. விசிறி விரிக்கவில்லை, குரல் கொடுக்கவில்லை, களைத்துப்போய் வீடு திரும்புகிற ஆள் மாதிரி நடந்து வந்தது. முப்பத்தைந்து கெஜம். கழுத்தைப் பார்த்துச் சுட்டேன். எட்டு பன்னிரண்டு. அது அங்கேயே விழுந்தது, துடிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தைத்தான் சொல்ல வேண்டும். அறுபது கெஜத்தில் 12-bore ரவைத் துப்பாக்கி வெடித்தால், அதுவும் பாறைக் கரைக்குள், ஆடுபோன் பார்த்த பறவைகள் மாதிரி இவை இருக்கவில்லை. மொத்த மரமும் ஒரே நேரத்தில் கிளம்பியது. அரையிருட்டு. எந்தத் திசையில் போகிறோம் என்று தெரியாமல் பறந்தன. கிளைகளில் மோதுகிற சத்தம், சிறகு முறிபடுவது போன்ற சத்தம், என் தலைக்கு மேலேயே ஒன்று. ஓடைக்கு அந்தப் பக்கம் ஜூனிப்பர் புதருக்குள் தொப் தொப்பென்று இறங்கின. சேவலைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போகிற வழியெல்லாம் இருட்டுக்குள் அவை ஒன்றையொன்று கூப்பிடுவது கேட்டது. பெட்டைகள் தொலைந்தால் கூப்பிடுகிற அந்தத் தேய்ந்த குரல். ஏறுவதற்கு மரம் தெரியாது. தரையில் பாப்கேட் என்கிற காட்டுப்பூனை இருக்கிறது, கயோட்டி இருக்கிறது, மேலே கொம்பு ஆந்தை இருக்கிறது.

மறுநாள் காலை வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். முள்கம்பி வேலியின் மேல் கம்பியில் ஒரு பெட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வேகமாகப் பறந்து வந்து கழுத்தோடு மோதியிருக்கிறது. ஒரு சிறகு கம்பியின் முள்ளில் மாட்டி விரிந்தபடியே விறைத்திருந்தது. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக இருந்தது. ஏப்ரல் மாதம், முட்டையிடத் தொடங்கியிருக்க வேண்டிய பறவை. கம்பியிலிருந்து எடுத்தபோது இறகில் இன்னும் பனி ஈரம் இருந்தது.

சமையலறைக் காலண்டர்

பெரியவரிடம் மறைக்கவில்லை. சேவலையும் காட்டினேன், பெட்டையையும் காட்டினேன். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசமாட்டார். சேவலின் கால்முள்ளை விரலால் தடவிப் பார்த்து, நல்ல சேவல், மூன்று வயதுக்கு மேல் இருக்கும் என்றார். "எந்த மரத்துகிட்ட?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் நான் கிளம்பியிருக்க வேண்டும். "இருந்துட்டுப் போ" என்று சொல்லி, மடக்கு நாற்காலி இரண்டை வண்டியில் போட்டு, ஓடைக்கு எதிர்மேட்டுக்குக் கூட்டிப் போனார். பைனாகுலரை என்னிடமே கொடுத்தார். ஏழே முக்கால் ஆனது. எட்டு ஆனது. எட்டரைக்கு நட்சத்திரம் வந்துவிட்டது. பீக்கன் மரங்களில் ஒரு பறவைகூட ஏறவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக் கொடுத்தார். சமையலறைச் சுவரில் தீவனக் கடைக்காரர்கள் கொடுக்கிற காலண்டர் ஒன்று. ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் பென்சிலால் சின்னதாக ஒரு எண். 22, 19, 24, 21. சில நாட்களில் பக்கத்தில் 'காற்று' என்று ஒரு சொல். நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து பென்சிலை எடுத்து, அன்றைய கட்டத்தில் ஒரு சுழி போட்டார். பிறகு எனக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார். இதை எழுதும்போதும் அந்தச் சுழி கண்ணில் நிற்கிறது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நான் சட்டம் பேசியிருப்பேன், எட்டு முப்பது வரை நேரம் இருந்தது என்று சொல்லியிருப்பேன்.

கோழிகள் அடியோடு போய்விடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பக்கம் மறுபடி அடைந்தன, ஆனால் ஓடையில் இன்னும் கீழே, அடுத்தவர் வேலிக்கு அருகில். அந்தப் பத்துப் பன்னிரண்டு பீக்கன்களுக்குத் திரும்பி வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வேறு காரணமும் இருந்திருக்கலாம், மழை, மேய்ச்சல் என்று. எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை.

தம்பிக்கு

ஆகவே தம்பி, சாயங்கால வேட்டை கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் போகிறேன், அதில் ஒரு அழகு இருக்கிறது. நீ மரத்தைப் பார்க்காதே, மரத்துக்கு வருகிற வழியைப் பார். மேய்கிற இடத்திலிருந்து மரம்வரை அவை கிட்டத்தட்ட ஒரே தடத்தில்தான் வரும். வேலியில் ஒரு சந்து, ஓடையில் ஆழமில்லாத ஒரு இடம், பழைய மாட்டுவண்டித் தடம், இப்படி ஏதாவது ஒன்றில் குறுகும். அந்தக் குறுக்கத்தில் உட்கார். மரத்திலிருந்து முந்நூறு கெஜமாவது இருக்க வேண்டும், நடுவில் ஒரு மேடு இருந்தால் இன்னும் நல்லது, சத்தம் அந்தப் பக்கம் போகாது. சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் அதன் கண்ணில் விழட்டும். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார்.

பெட்டை மாதிரிக் குரல் எழுப்புகிற மரப்பெட்டியைச் சாயங்காலம் அதிகம் உரசாதே. காலையில் அது சேவலைப் பித்துப் பிடிக்க வைக்கும். மாலையில் அதற்குப் போக வேண்டிய இடம் தெரியும், மேய்ந்துகொண்டே போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல இரண்டு 'கிளக்', கையால் சருகைக் கிளறுகிற சத்தம் கொஞ்சம். பெட்டை ஒன்று இங்கே நிம்மதியாக மேய்கிறது என்று அதற்குத் தோன்றினால் போதும். நாற்பது கெஜத்துக்குள் வந்தால் மட்டும், தலைக்கும் கழுத்துக்கும். ரவை பரவுகிற ஆயுதம், கூட்டத்தில் நிற்கும்போது சுடாதே. சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கைக்குட்டைகூட. சேவல் விசிறி விரித்து ஆடும்போது அதன் தலையில் அந்த மூன்று நிறமும் ஓடும், இன்னொரு வேட்டைக்காரன் கண்ணுக்கு நீ சேவலாகிவிடுவாய். (மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி என்று நாம் பள்ளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். விடிகாலை வெயிலில் ஒரு காட்டுச் சேவல் வெண்கலமாக மின்னிக்கொண்டு சிறகைத் தரையில் இழுத்தபடி சுற்றுவதைப் பார்த்தவர் யாரும் அந்தப் பழமொழியைச் சொல்ல மாட்டார்கள்.)

கதிர் மறைய முக்கால் மணி இருக்கும்போது நான் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுவிடுகிறேன். இது யாரும் போட்ட விதி இல்லை. அதற்குப் பிறகு எழுந்து நடக்கவும் கூடாது, அப்போதுதான் அவை மரத்தைத் தேடி வருகிற நேரம். அப்படியே உட்கார்ந்திருந்து, சிறகுச் சத்தம் ஓய்ந்து, நன்றாக இருட்டிய பிறகு, வந்த வழியே, டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். மறுநாள் காலை, வெளிச்சம் வர ஒரு மணி முன்பாக, அதே மரத்திலிருந்து நூற்றைம்பது கெஜத்தில், அவை இறங்க விரும்புகிற வெட்டவெளிப் பக்கமாக உட்காரலாம். அப்போது அவை இறங்கி எங்கும் போகலாம். பகல் முழுக்க அவற்றுக்குக் கண் தெரியும்.

போன ஏப்ரலில் அதே பண்ணை. ஏழேகால், தோட்டா பையில். ஏழரைக்கு ஒரு சேவல், 2018இல் சுட்டதைவிடப் பெரியது, மார்பில் தொங்குகிற தாடி கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிறது, என் பூட்ஸிலிருந்து பதினைந்து தப்படியில் நின்றது. என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. நின்று ஒரு வெட்டுக்கிளியைக் கொத்தித் தின்றுவிட்டுப் போனது. கை நடுங்கியது. எட்டு மணிக்கு மேல் ஓடைப் பக்கமிருந்து அந்த ஜமுக்காளச் சத்தம் வந்தது, ஒன்று, இரண்டு, பதினாறு வரை. காலையில் அது ஓடைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது, அந்த வருடம் எனக்குக் கோழி இல்லை.

பெரியவர் இப்போது மேட்டுக்கு ஏற முடிவதில்லை. நான் போகிற நாட்களில் திரும்பி வந்து எண்ணைச் சொல்வேன், அவர் காலண்டரில் எழுதிக்கொள்வார். தம்பியை அடுத்த ஏப்ரலில் அங்கே கூட்டிப் போவதாக அவரிடம் கேட்டுவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் இரண்டு பேர் துப்பாக்கியும் வண்டியிலேயே இருக்கும். நாற்காலி நான் எடுத்து வருகிறேன், எண்ணுவது அவன்.